வலக்கைப் பக்கம் நதி

ஓங்காரேசுவரில் எனக்கு மிஞ்சியது
செருப்புக் கடைக்காரன் தந்த தகர வில்லை,
எண் நானூற்றுப் பதினேழு.
மூலவரைப் பார்த்தேன் என்று
சத்தியம் செய்ய முடியாது.
பார்த்தது முன்னால் நின்றவரின் பிடரி,
வியர்வையில் கரைந்து வழிந்த சந்தனம்,
நகரு நகரு என்று தள்ளிய ஒரு கை.

மகேசுவரின் படித்துறையில்
கோட்டை தலைகீழாய் நின்று
துடுப்பு படும்போதெல்லாம் இடிந்தது,
உடனே கட்டிக்கொண்டது.
படிகளில் சின்னச் சின்ன லிங்கங்கள்.
குளிக்க வந்தவர் ஒன்றின்மேல்
சோப்புப் பெட்டியை வைத்தார்,
எடுக்கும்போது கும்பிட்டுக்கொண்டார்.
யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை.

தென்கரையில் ஒன்றுமில்லை என்றான்
படகோட்டி தேவ்ராம் கேவட்.
அதைப் பார்க்கத்தான் என்றேன்.

ஒன்றுமில்லாத கரையில்
பருத்திக் காடு, ஒரு வேம்பு,
வேம்படியில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண்,
நாற்பது வயதிருக்கும்,
பக்கத்தில் மூங்கில் கழி,
குப்பியில் அடைத்த ஆற்று நீர்.
நர்மதே ஹர் என்றாள்.
பதில் சொல்லத் தெரியாமல்
நானும் அதையே சொன்னேன்;
பதிலும் அதுதானாம்.

ரம்பாபாய். நடக்கத் தொடங்கி எட்டு நாள்.
எதிர்க்கரையில் நீலச் சுவர் தெரிகிறதா,
பக்கத்தில் புளியமரம்,
அதுதான் சாமல்கேடி, அதுதான் என் வீடு.

படகில் பத்து நிமிடம் என்றேன், அசடு.

நதி என் வலக்கைப் பக்கமே இருக்க வேண்டும்,
குறுக்கே போகலாகாது.
மேற்கே கடல்வரை போய்
கடல் வழியாய் அக்கரை சேர்ந்து
கிழக்கே திரும்பினால்
மாசியில் என் வாசல் வரும்.
வந்தால் ஒரு ராத்திரி தங்குவேன்,
விருந்தாளி மாதிரி.
மறுநாள் மேலே,
நதி பிறக்கும் மலைக்கு.

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

அலமாரிச் சாவி.
தெரியாமல் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்,
நாலாம் நாள்தான் கையில் பட்டது.
அந்த மனுசன் எதைத் தேடி
எதைக் கொட்டிக் கவிழ்த்தாரோ.
நீ போகலாம், உனக்கு விரதமில்லை.

உனக்கு விரதமில்லை.
அதைக் குறையாகச் சொல்லவில்லை.
ஆனாலும் படகில் ஏறும்போது
வழுக்கியது.

நீலச் சுவர் வீட்டில்
கைலாஷ் பாட்டிதார் சாவியை வாங்கி
கூரை விளிம்பில் காயும் மிளகாயைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்:
பூட்டு உடைந்த அலமாரி,
கதவை இழுத்துக் கட்டிய சைக்கிள் டியூப்.
மூன்றாம் நாளே உடைத்துவிட்டேன்.
பாங்கிப் புத்தகம் உள்ளே இருந்தது.

தேநீர் வந்தது. அரைக் குவளை வரை பேச்சில்லை.
அப்புறம் கேட்டார்:
கால் வீங்கியிருக்கிறதா?

நான் காலைப் பார்க்கவில்லை.
கழியைப் பார்த்தேன், குப்பியைப் பார்த்தேன்,
பருத்தி வெடித்திருந்த அழகைப் பார்த்தேன்.
இல்லை, வீக்கமில்லை என்றேன்.
மூன்று ஊரில் நான் சொன்ன
ஒரே பொய்.

சாவியை என் கையில் திருப்பி வைத்தார்.
இனி எதற்கு?
பூட்டு உடைந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்,
மாசிக்குள் புதுசு போட்டுவிடுவேன்.

அந்தியில் படித்துறைக்கு வந்தார் அவர்.
கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் எட்டாது.
தலைப்பாகையை அவிழ்த்து
ஈரமே இல்லாத அதைக் காற்றில் உதறினார்,
இரண்டு முறை, மூன்று முறை.
அக்கரையில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.
கொக்காகவும் இருக்கலாம்.

இந்தூர்ப் பேருந்து பாலம் ஏறியது.
எல்லோரும் ஜன்னல் வழியே காசு வீசினார்கள்,
நர்மதே ஹர், நர்மதே ஹர்.
பையில் சில்லறை இல்லை.
விரலில் தகர வில்லை பட்டது,
திருப்பித் தர மறந்திருக்கிறேன்;
அடுத்துச் சாவி.

வீசவில்லை.
நதி கொஞ்ச நேரம்
எனக்கு இரண்டு பக்கமும் இருந்தது.